புள்ளி வைத்து ஷேடிங் செய்தால் அம்மை போட்டது போல் தெரிகிறதே, ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். புள்ளிகளால் படம் போடப் பழகி ஒரு மாதம் ஆகிறது. வரிசையாகப் புள்ளி வைத்து அலங்கார வடிவங்கள் போட்டால் நன்றாக வருகிறது. ஆனால் ஒரு பந்தையோ கல்லையோ ஷேடிங் செய்யப் போனால் உருண்டையாகத் தெரியாமல் அம்மை போட்ட முகம் போல் ஆகிவிடுகிறது. பேனாவில் குறையா, கையில் குறையா என்கிறீர்கள். கூடவே, டேப்லெட்டில் புள்ளி பிரஷ் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பேனாவிலும் குறை இல்லை, கையிலும் இல்லை. வடிவத்துக்குப் பழகிய கையோடு நிழலுக்குப் போயிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். அலங்கார வடிவத்தில் பார்ப்பவர் புள்ளியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், வரிசை தெரிய வேண்டும், ஒரே சீராக இருக்க வேண்டும். நிழலில் வரிசை தெரிந்தால் போச்சு. அங்கே புள்ளி கரைந்து சாம்பல் நிறமாக வேண்டும். அதனால் வடிவம் போடும்போது புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். நிழல் போடும்போது இரண்டு புள்ளிக்கு நடுவே எவ்வளவு வெள்ளை மிஞ்சுகிறது என்று பாருங்கள். கண் பார்க்கும் இடம் மாறினால் கை தானாக மாறும்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். பழைய கருப்பு வெள்ளைச் செய்தித்தாள் படம் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளிகள் எல்லாம் சம தூரத்தில், வரிசை பிசகாமல் நிற்கும். ஆனால் இருட்டான இடத்தில் புள்ளி பெரிது, வெளிச்சமான இடத்தில் பொடி. இதற்கு ஹாஃப்டோன் என்று பெயர். அச்சு மைக்குக் கருப்பு ஒன்றுதான் தெரியும், சாம்பல் தெரியாது என்பதால் கண்டுபிடித்த ஏமாற்று வித்தை. கையால் புள்ளி வைக்கும் ஸ்டிப்ளிங்கில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: புள்ளி அளவு ஏறக்குறைய ஒன்றே, இடைவெளிதான் கூடும், குறையும். அந்தச் செய்தித்தாள் படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். புள்ளி வரிசைகள் நேராக இல்லாமல் 45 டிகிரி சாய்ந்து ஓடும். செங்குத்துக் கோட்டையும் படுக்கைக் கோட்டையும் நம் கண் சட்டென்று பிடித்துவிடும், சாய்ந்ததை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. ஒரு கறுப்பு மையில் அச்சடிக்கும்போது வரிசையை மறைக்கத்தான் அந்தச் சாய்வு. இயந்திரமே வரிசையை மறைக்க இவ்வளவு மெனக்கெடும்போது, நீங்கள் ஒரு பந்தின்மேல் சீரான வரிசையில் புள்ளி வைத்தால் கண் அந்த வரிசையைத்தான் பார்க்கும், பந்தைப் பார்க்காது.

சரி, அம்மை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மூன்று இடத்திலிருந்து. வெளிச்சம் படும் பகுதியில் "சும்மா விடக் கூடாது" என்று பத்துப் பதினைந்து புள்ளிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எறிவது முதல் காரணம். அந்தப் புள்ளிகளைச் சுற்றி வெள்ளை நிறைய இருப்பதால் ஒவ்வொன்றும் தனியாகக் கத்தும். ஹைலைட்டில், அதாவது வெளிச்சம் நேராக விழுந்து பளிச்சென்று தெரியும் இடத்தில், ஒரு புள்ளிகூட வேண்டாம். வெறும் தாள்தான் உங்களிடம் இருப்பதிலேயே வெளிச்சமான நிறம். இரண்டாவது, பேனா தடிமனாக இருப்பது; அது பேனாவின் குறை இல்லை, தேர்வின் குறை. மூன்றாவது, பாதியில் நிறுத்திவிடுவது. இந்த மூன்றாவதுதான் நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேருக்கு உண்மையான காரணம். படம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கெடவில்லை, இன்னும் முடியவில்லை.

எவ்வளவு புள்ளி வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கும். தாளில் விழும் புள்ளியின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில் பாதி வெள்ளை, பாதி கருப்பு என்று ஆக வேண்டும் என்றால், ஒன்றின்மேல் ஒன்று விழாமல் வைத்தாலே ஏறத்தாழ 700 புள்ளி. கை போன போக்கில் வைத்தால் சில புள்ளிகள் ஏற்கெனவே இருப்பதன்மேல் விழும், அதனால் 1,000 ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு! விரல் நகம் அளவு இடம். பெரும்பாலானவர்கள் அங்கே நூறு நூற்றைம்பது வைத்துவிட்டு "நிழல் வரவில்லை" என்கிறார்கள்.

இதே கணக்கில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அது இன்னும் முக்கியம். முதல் 1,000 புள்ளி வெள்ளையைப் பாதியாகக் குறைத்தது. அடுத்த 1,000 மிச்ச வெள்ளையில் பாதியைத்தான் மூடும், கால் பங்கு மிஞ்சும். அதற்கடுத்த 1,000 போட்டால் அரைக்கால். அதாவது இருட்டுக்குப் போகப் போக அதே உழைப்புக்குக் கூலி குறைந்துகொண்டே வரும். ஒரு நொடிக்கு இரண்டு மூன்று புள்ளி என்று வைத்தால் 1,000 புள்ளிக்கு ஆறேழு நிமிடம். ஐந்து சென்டிமீட்டர் சதுரம் முழுவதையும் பாதிச் சாம்பலாக்கவே இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆகவே முதல் சில மாதங்களுக்குத் தீப்பெட்டி அளவைவிடப் பெரிதாக எதையும் வரையாதீர்கள். ஒரு முழு ஏ4 தாளில் முகம் வரைய உட்கார்ந்து, கண்ணும் ஒரு மூக்கும் முடிந்த நிலையில் கைவிட்ட படம் என்னிடமே ஒன்று இருக்கிறது.

பேனாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முனை மெல்லிசான ஃபைன்லைனர் போதும். பிக்மென்ட் மை என்றால் நல்லது, தண்ணீர் பட்டாலும் கரையாது, வெளிச்சத்தில் மங்காது. முனையின் அளவைக் குறிக்கும் எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். மைக்ரான் என்ற பிராண்டு பேனாவில் 005 என்றால் 0.20 மில்லிமீட்டர், 01 என்றால் 0.25, 05 என்றால் 0.45. எண்ணையே மில்லிமீட்டர் என்று படித்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒரு மெல்லிசு, ஒரு நடுத்தரம், இரண்டு இருந்தால் வருடக்கணக்கில் ஓட்டலாம். ஜெல் பேனா குமிழ் விடும், சீக்கிரம் காயாது, கையில் அப்பும். பால் பாயின்ட் பேனாவில் உருளை சுழன்றால்தான் மை வரும். குத்தினால் சுழலாது, நாலு குத்துக்கு ஒன்று விழாமலே போகும். பென்சிலில் பழகலாம், ஆனால் பத்துக் குத்துக்குள் முனை மழுங்கிப் புள்ளி தடித்துவிடும். தாள் வழவழப்பாக இருக்க வேண்டும். பிரிஸ்டல் போர்டு அல்லது ஹாட் பிரெஸ் தாள் சரி. சொரசொரப்பான தாளில் புள்ளி மேட்டில் விழுந்தால் ஓர் அளவு, பள்ளத்தில் விழுந்தால் ஓர் அளவு. சாதாரண ஜெராக்ஸ் தாளில் மை ஊறிப் பரவும். பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தும் விதம் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சில வட்டமாக இருக்கும், சிலவற்றுக்கு வால் முளைத்திருக்கும், காற்புள்ளி போல. பேனா தாளை விட்டு எழும்புவதற்கு முன்பே கை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டதன் அடையாளம் அந்த வால். ஒரு வால் தெரியாது. ஆயிரம் வால் ஒரே பக்கம் பார்த்து நின்றால் படத்துக்கே மயிர் முளைத்தது போல் ஆகிவிடும், நிழல் உரோமமாகிவிடும். தீர்வு எளிது: எழுதும்போது பிடிப்பதைவிடப் பேனாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள், வைத்து, தூக்கி, பிறகு நகருங்கள். வேகம் தானாக வரும். குத்துவது என்று வாய் சொல்கிறதே தவிர, உண்மையில் தொடுவதுதான். அழுத்திக் குத்தினால் ஃபைன்லைனரின் முனை இரண்டே நாளில் உள்ளே அமுங்கிப்போய், 0.20 முனை 0.40 புள்ளி போடும். முனை தாளில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு மை இறங்கும். புள்ளியின் அளவை அழுத்தத்தால் மாற்றாதீர்கள், நிற்கும் நேரத்தால் மாற்றுங்கள்.

இன்னொரு நோய், புழு. எங்கும் கொத்தாகவோ வரிசையாகவோ வைக்கக் கூடாது என்று மனதுக்குத் தெரியும், ஆனால் கைக்கு ஒரு வழக்கம் உண்டு. போன புள்ளிக்குப் பக்கத்திலேயே அடுத்ததை வைக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் புள்ளிகள் கைகோத்துக்கொண்டு வளைந்து நெளிந்து ஊர்ந்திருக்கும். இதற்கு நான் செய்வது: ஒரு சின்ன இடத்தில் எங்கே வெள்ளை அதிகமாகத் தெரிகிறதோ அதன் நடுவே ஒரு புள்ளி. பிறகு அடுத்த பெரிய வெள்ளையைத் தேடி அதன் நடுவே ஒன்று. இவ்வளவுதான் விதி. அவ்வப்போது தாளைச் சுற்றித் திருப்பிக்கொள்ளுங்கள். கையின் வழக்கம் ஒரே திசையில் பதியாமல் இருக்க இது உதவும். "முழுக்க இஷ்டத்துக்கு வை" என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உண்மையிலேயே இஷ்டத்துக்கு வைத்தால் ஓரிடத்தில் கொத்தும் ஓரிடத்தில் ஓட்டையும் விழும். நமக்கு வேண்டியது வரிசை இல்லாத, ஆனால் சீரான பரவல்.

இப்போது ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொள்வோம். பந்தைவிடக் கல் நல்லது, வடிவம் கொஞ்சம் பிசகினாலும் கல்லுக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மேசையில் வைத்து, இடப்பக்கம் மேலிருந்து ஒரே ஒரு விளக்கு. மற்ற விளக்கை அணைத்துவிடுங்கள். எச் அல்லது 2எச் பென்சிலால், தெரிந்தும் தெரியாமலும், கல்லின் ஓரத்தையும், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் எல்லையையும், மேசையில் விழும் நிழலையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹைலைட்டைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டு "தொடாதே" என்று மனதுக்குள் எழுதிக்கொள்ளுங்கள்.

மையால் ஓரக்கோடு இழுக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. கோடு போட்டு அதற்குள் புள்ளி நிரப்பினால் கல் வெட்டி ஒட்டிய படம் போல் தட்டையாகும். இருட்டான பக்கத்தில் கல்லின் புள்ளிகளே ஓரத்தில் சட்டென்று நின்று ஓரத்தைக் காட்டும். வெளிச்சமான பக்கத்தில் பின்புலத்தில் லேசாகப் புள்ளி வைத்தால் கல்லின் வெள்ளை தானாகப் பிதுங்கித் தெரியும். அல்லது அந்த ஓரத்தைச் சொல்லாமலே விட்டுவிடலாம், பார்ப்பவரின் கண் அதை நிரப்பிக்கொள்ளும்.

முதல் சுற்று: ஹைலைட்டைத் தவிரக் கல் முழுவதும், நிழல் முழுவதும் பரவலாகப் புள்ளி. ஹைலைட்டை நெருங்க நெருங்க இடைவெளி கூடட்டும். இரண்டாம் சுற்று: வெளிச்சத்தை விட்டுவிட்டு, நடுச்சாம்பலும் இருட்டும் மட்டும். மூன்றாவது: இருட்டு மட்டும். ஒவ்வொரு சுற்றும் எங்கே முடிகிறதோ அங்கே நேர்கோடு போல நிறுத்தாதீர்கள், அடுத்த பகுதிக்குள் நாலைந்து புள்ளிகளை ஒழுகவிடுங்கள். இல்லையென்றால் கல்லின்மேல் பட்டை பட்டையாக விழும், படிக்கட்டு போல. முழுப்படத்தையும் இப்படிச் சுற்றுச் சுற்றாக ஏற்றுங்கள். ஒரு மூலையில் தொடங்கி முழுக்க முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகிறவர்கள் உண்டு. பழகிய கைக்கு அது சரி. தொடக்கத்தில் அப்படிப் போனால் முதல் மூலையின் இருட்டை நடுவில் மறந்துவிட்டு வேறு படம் வரைந்துகொண்டிருப்பீர்கள்.

இருட்டு எங்கே அதிகம் என்று உற்றுப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரெதிர் ஓரத்தில்தான் மிக இருட்டாக இருக்கும் என்று நினைப்போம். இல்லை. மேசையில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம் கல்லின் அடிப்பக்க ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். கல்லின் மிக இருட்டான பட்டை அந்த ஓரத்துக்குச் சற்று உள்ளே தள்ளித்தான் இருக்கும். அந்த ஓரத்தில் மூன்றாம் சுற்றை வைக்காமல் விட்டீர்கள் என்றால், தட்டையாகக் கிடந்த கல் திடீரென்று புரண்டு உருண்டையாக எழுந்து நிற்கும். பயிற்சியில் முதல் சந்தோஷம் இங்கேதான் கிடைக்கும். மேசைமேல் விழும் நிழலில், கல் மேசையைத் தொடும் விளிம்பு மிக இருட்டு. தள்ளிப் போகப் போக வெளுத்து ஓரம் கலங்கும்.

முழுக்கருப்பு வேண்டிய இடத்தைப் புள்ளியால் நிரப்பிச் சாகாதீர்கள். பேனாவால் தீட்டி நிரப்பிவிட்டு, ஓரத்தில் மட்டும் புள்ளிகளை வெளியே சிதறவிட்டால் போதும். ஏமாற்று வேலை என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தடித்த பேனாவை இருட்டிலும் மெல்லிய பேனாவை வெளிச்சத்திலும் வைத்துக்கொள்வதும் நேரத்தைச் சேமிக்கும். ஆனால் மாறும் இடத்தில் இரண்டையும் கலந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட தையல் தெரியும்.

நடுநடுவே எழுந்து தள்ளி நின்று பாருங்கள். நல்ல பார்வை உள்ளவருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 0.3 மில்லிமீட்டர் புள்ளிதான் தனியாகப் பிரித்தறியும் எல்லை. அதைத் தாண்டினால் புள்ளி கரைந்து சாம்பல் தெரியும். மூக்கைத் தாளில் வைத்துக்கொண்டு வரைபவருக்கு அந்தச் சாம்பல் கடைசிவரை தெரியாது. எழ சோம்பலாக இருந்தால் கண்ணை இடுக்கிப் பார்க்கலாம், அல்லது கைபேசியில் படமெடுத்துச் சின்னதாக்கிப் பார்க்கலாம். ஓரிடம் அதிகம் கருத்துவிட்டால் அழிக்க வழியில்லை. வெள்ளை ஜெல் பேனாவால் ஓரிரு புள்ளியை மறைக்கலாம், ஆனால் அந்த வெள்ளை தாளின் வெள்ளையோடு சேராமல் முழிக்கும். நான் செய்வது, சுற்றியுள்ள இடத்தைக் கொஞ்சம் இருட்டாக்கிவிடுவது. பக்கத்தில் இருப்பது ஏறினால் இது இறங்கியது போல் தெரியும். பென்சில் குறிப்புகளை மை நன்றாகக் காய்ந்த பிறகு, பிசைகிற வகை ரப்பரால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மையும் சேர்ந்து வெளுக்கும்.

இனி வடிவம். உங்களுக்கு நன்றாக வருவதை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்க்கவும் வழி உண்டு. புள்ளி வரிசைகளை நேராக ஓட்டாமல் பொருளின் வளைவோடு ஓட்டுங்கள், பூமி உருண்டையில் அட்சரேகை வளைவது போல. நிழலே போடாவிட்டாலும் வரிசையின் வளைவு உருண்டையைச் சொல்லிவிடும். அதோடு இருட்டுப் பக்கத்தில் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் செய்தித்தாள் ஹாஃப்டோனும் செதுக்குச் சித்திரமும் கலந்த ஒரு தோற்றம் கிடைக்கும். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் 1979 முதல் வரும் ஹெட்கட் என்ற சின்ன முகச் சித்திரங்கள் இந்த வகைதான். கெவின் ஸ்ப்ரவுல்ஸ் என்ற ஓவியர் தொடங்கிவைத்தது. கன்னத்தில் புள்ளி வரிசைகள் கன்னத்தின் வளைவோடு ஓடும், முடியில் அவையே கோடாக நீளும். வரிசையை மறைக்காமல் வரிசையையே வேலை வாங்குகிறார்கள். தாவரம், பூச்சி, தொல்பொருள் வரையும் அறிவியல் ஓவியர்கள் எதிர்ப்பக்கம்: வரிசையே தெரியாத சுத்தமான ஸ்டிப்ளிங். அங்கே வெளிச்சம் எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து வருவதாக வைத்துக்கொள்வது வழக்கம், அதனால் எது மேடு எது பள்ளம் என்று பார்ப்பவர் குழம்ப மாட்டார். படத்தை ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து அச்சில் சுருக்குவார்கள். சுருக்கும்போது சின்னச் சின்னப் பிழைகளும் சுருங்கிவிடும். நீங்களும் செய்து பார்க்கலாம்.

யாராவது உங்களை, வண்ணப் புள்ளிகளாலேயே ஓவியம் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சேராவைப் பார் என்று அனுப்பினால் பாருங்கள், ஆனால் ஷேடிங் கற்க அது இடமில்லை. 1884 முதல் 1886 வரை அவர் வரைந்த லா கிராண்ட் ஜாட் தீவு ஞாயிற்றுக்கிழமை ஓவியம், சிகாகோ கலைக்கூடத்தில் இருப்பது, இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அவர் புள்ளி வைத்தது வண்ணங்கள் கண்ணில் கலக்க வேண்டும் என்பதற்காக. அது வேறு கணக்கு. வேடிக்கை என்னவென்றால், வெளிச்சத்தையும் நிழலையும் அவரிடம் கற்க வேண்டுமானால் அவருடைய கருப்பு வெள்ளைச் சித்திரங்களைப் பார்க்க வேண்டும், அவற்றில் அவர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. சொரசொரப்பான தாளில் கான்டே என்ற கருப்பு வரைகட்டியைத் தேய்த்தார். தாளின் மேடு கருத்தது, பள்ளம் வெள்ளையாக மிஞ்சியது. புள்ளிகளாக நிற்பது அந்த வெள்ளைதான்.

கடைசியாக டேப்லெட். அதில் புள்ளி பிரஷ்ஷால் ஓர் இழுப்பில் ஆயிரம் புள்ளி விழும். பின்புலத்துக்கும், மணல், புழுதி போன்றவற்றுக்கும் நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த பிரஷ் ஒரே புள்ளிக் கொத்தைத் திரும்பத் திரும்ப முத்திரை குத்துகிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதே கொத்து பத்து இடத்தில் இருக்கும், நீங்கள் ஓடி ஒளிந்த வரிசை வேறு வேடத்தில் வந்து நிற்கும். ஒரு முத்திரைக்கு ஒரே புள்ளி விழுகிற பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, கையால் ஒவ்வொன்றாக வைத்தால் தாளில் கற்கும் அதே பாடத்தை அங்கேயும் கற்கலாம். அழிக்கும் வசதி வேறு இருக்கிறது. பெரிதாக்கும் வசதியை மட்டும் அதிகம் தொடாதீர்கள், 400 சதவீதத்தில் வைத்த புள்ளி உண்மை அளவில் காணாமல் போயிருக்கும். இந்த வாரம் ஒரு சென்டிமீட்டர் பெட்டிகள் ஐந்து போட்டு, முதலாவதை வெறுமனே விட்டு, மற்ற நான்கில் முறையே ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 1,000 புள்ளி என்று வைத்தால் நான்கும் சேர்ந்து 10,000 புள்ளி, ஓர் மணி நேரத்துக்கு மேல் வேலை. இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அது வந்தபிறகு கூழாங்கல்.